கவரைப்பேட்டையில் ஒரு கண்ணீர் அஞ்சலி

ஏஞ்சல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்கள் கவரைப்பேட்டையில் ரொம்பக் குறைச்சல். சோறு தின்பதுகூட நின்றபடிதான். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, வாயில் சோறோடு, கொடியில் துணி காய்ந்ததா என்று பார்க்க ஒரு நடை, குழாயில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க ஒரு நடை. கல்யாணமான புதிதில் அவள் புருஷன் பீட்டர், "உக்காந்து துண்ணேன், யாராச்சும் புடுங்கினு பூடுவாங்களா?" என்று கேட்டுப் பார்த்தான். இப்போது கேட்பதில்லை. படுத்தால்கூட அவள் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கும் என்று அவனுக்குப் பழகிவிட்டது.

ஆண்டவர் பார்த்து அவளுக்குக் கொடுத்த வேலையும் நிற்கிற வேலைதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்கிற கம்பெனி. அதில் பேக்கிங். பெல்ட்டில் வருகிற மூடிகளில் சொட்டை, கீறல் பார்த்து ஒதுக்கிவிட்டு, நல்லதை அட்டைப்பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். அவளுடைய அப்பாவும் அம்மாவும் பொன்னேரிப் பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். அவர்கள் குனிந்து செய்தார்கள், இவள் நின்று செய்கிறாள். குடும்பம் அந்த அளவுக்கு முன்னேறியிருக்கிறது.

ஆனால் ஏஞ்சல் அசையாமல் உட்காருகிற இடமும் ஒன்று உண்டு. ஆனந்தரூபன் படம் ஓடுகிற தியேட்டர்.

ஆனந்தரூபனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவருக்குப் பெயரில் மட்டும்தான் ஆனந்தம். இடைவேளைக்கு முன்னால் வேலை போகும், இடைவேளைக்குப் பின்னால் உயிர் போகும். நடுவில் காதலித்தவளை இன்னொருவனுக்குக் கட்டிவைத்து, பந்தியில் நின்று சாம்பாரும் ஊற்றுவார். சண்டை கிடையாது, ஆட்டம் கிடையாது. மற்ற நடிகர்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுகிற இடத்தில் இவர் லேசாகச் சிரிப்பார். அதைப் பார்த்ததும் தியேட்டர் மொத்தமும் மூக்கை உறிஞ்சும். இப்படி ஒரு மனுஷனுக்கு ரசிகர் மன்றம் வைத்துப் பால் ஊற்ற முடியுமா? ஆண்கள் யாரும் வைக்கவில்லை. பெண்கள் பேசாமல் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் அழுதுவிட்டு வந்தார்கள்.

ஏஞ்சலுக்கு ராபின் என்று ஒரு மகன் இருந்தான். நாலு வயதில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அப்போது அவளுக்கு ஷைனி வயிற்றில். "அழுவாத, உள்ள இருக்கிறதுக்கு ஆவாது" என்று சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவள் வாயைப் பொத்தினார்கள். பொத்திய அழுகை அப்படியே நின்றுபோனது. ஷைனி பிறந்த பிறகு அழலாம் என்றால் வரவில்லை. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாலும் வரவில்லை. கால் மட்டும் ஓட ஆரம்பித்தது.

பிறகு ஒருநாள் பீட்டர் அவளைக் கும்மிடிப்பூண்டியில் சினிமாவுக்குக் கூட்டிப்போனான். படத்தில் ஆனந்தரூபனின் பிள்ளை செத்துப்போகிறது. எல்லாம் முடிந்து வீட்டுக்கு வருகிறார். வாசலில் கிடந்த சின்னச் செருப்பை ஜோடி சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்காரரைப் பார்த்து லேசாகச் சிரிக்கிறார். ஏஞ்சல் உடைந்துபோனாள். படம் முடிந்து விளக்குப் போட்டும் எழுந்திருக்கவில்லை. பெருக்க வந்த பெண் ஒருத்தி விளக்குமாற்றைச் சாத்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அன்றிலிருந்து ஆனந்தரூபனின் எந்தப் படத்தையும் ஏஞ்சல் விட்டதில்லை.

கம்பெனி பஸ் மீஞ்சூரில் கிளம்பிப் பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாக சிப்காட்டுக்குப் போகும். கவரைப்பேட்டையில் ஏறுகிற பெண்கள் ஏஞ்சலோடு சேர்த்து எட்டுப் பேர். மற்ற ஏழு பேரையும் அவள் ஆனந்தரூபனுக்கு மாற்றிவிட்டாள். டிரைவர் சரவணனிடம் பென்டிரைவ் கொடுத்து பஸ் டி.வி.யில் அவர் படத்தையே போடவைத்தாள். "இது இன்னா பஸ்ஸா, சாவு ஊடா?" என்று பின்சீட்டு ஆண்கள் கத்தினார்கள். மற்ற ரூட் டிரைவர்கள் சரவணனின் வண்டிக்கு அழுமூஞ்சி வண்டி என்று பெயர் வைத்தார்கள். புதுப்படம் வந்தால் எட்டுப் பேரும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு காலைக்காட்சிக்குப் போவார்கள். அழாதவள் மற்ற ஏழு பேருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கித் தரவேண்டும் என்பது கணக்கு. ஒருமுறை இளமதி, அழுகை வராமல்போய்விடுமோ என்ற பயத்தில் கண்ணோரம் தைலம் தடவிக்கொண்டு வந்து, வாசனையில் மாட்டிக்கொண்டாள். சொந்தமாக நெல் விளைகிற குடும்பத்துப் பெண், அவளுக்கு ஒரு பஜ்ஜிக்கு அவ்வளவு பயம்.

கொஞ்ச வருஷமாக ஆனந்தரூபனுக்குப் படம் இல்லை. ஜனங்களுக்கு இப்போது ரத்தம் தெறித்தால்தான் பிடிக்கிறது. ஏஞ்சல் பழைய படங்களையே போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கையில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வெளியே வந்தார்கள். அந்தக் கம்பெனியில் உள்ளே செல்போன் கூடாது. காலையில் கேட்டிலேயே லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும், ஷிப்ட் முடிந்துதான் கையில் கிடைக்கும். உலகத்தில் என்ன நடந்தாலும் இந்தப் பெண்களுக்கு அது மத்தியானத்துக்கு மேல்தான் நடக்கும். லாக்கரைத் திறந்து போனை உயிர்ப்பித்தார்கள். எட்டுப் போனிலும் ஒரே படம் வந்து விழுந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் ஆனந்தரூபன். கழுத்தில் ரோஜா மாலை, மூக்கில் பஞ்சு.

"ஐயோ, பூட்டாரா?" என்றாள் கெங்கம்மாள். எட்டுப் பேரில் மூத்தவள் அவள்.

மேலே கீழே தள்ளி அடுத்த செய்தியைப் பார்க்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கண்ணீரில் எழுத்து எங்கே தெரிகிறது? பஸ்ஸில் ஏறி அழுதார்கள். பின்சீட்டு ஆண்கள்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஏஞ்சல் மட்டும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டே வந்தாள். கவரைப்பேட்டை நெருங்கியதும் நின்றாள்.

"தோ பாருங்கடி. நம்ம ஊர்ல வட்டத்துக்கு வட்டம், சதுரத்துக்குச் சதுரம்னு எவன் எவனுக்கோ போர்டு வைக்கிறானுங்க. இவருக்கு ஒருத்தனும் வைக்கமாட்டான். நாமதான் வைக்கணும்."

எட்டுப் பேரும் ஜெகனின் பிளக்ஸ் கடைக்குள் நுழைந்தார்கள். ஜெகன் காலையிலிருந்து யாரோ கட்சிக்காரர் பிறந்தநாளுக்கு அச்சடித்துக் களைத்திருந்தான். அவனுக்கும் எந்தச் செய்தியும் தெரியாது. தலைப்பில் கண்ணீர் அஞ்சலி என்று பெரிதாகப் போட்டான். "தோற்றம் இன்னா தேதிக்கா?" என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. மறைவு மட்டும் போடச் சொன்னார்கள். வாசகத்தை ஏஞ்சலே சொன்னாள்: 'எங்களை அழவைத்த உத்தமரே, இன்றும் எங்களை அழவைத்துவிட்டுப் போனீரே.'

"அழவைச்சதுன்னு ரெண்டு தபா வருதுக்கா."

"வரட்டும். அவரு ஒரு தபாவா அழவச்சாரு?"

கீழே வரிசையாக எட்டுப் பேர் படம். கெங்கம்மாளிடம் ஆதார் அட்டைப் படம்தான் இருந்தது. அதில் அவள் பிடிபட்ட திருடி மாதிரி முழித்துக்கொண்டிருந்தாள். இளமதி தன் முகத்தில் இருக்கிற பருவை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சினாள். சாவு போர்டில் யார் பருவைப் பார்க்கப்போகிறார்கள் என்று ஜெகன் முனகினாலும் எடுத்துக்கொடுத்தான்.

ஸ்டேஷன் ரோடு நெடுஞ்சாலையில் வந்து சேருகிற முனையில் சவுக்குக் கம்பம் ஏற்கெனவே நட்டிருந்தது. போன வாரம் நடந்த மஞ்சள் நீராட்டு விழா போர்டு அதில் அப்படியே இருந்தது. அதன் மேலேயே ஆனந்தரூபனைக் கட்டிவிட்டு, ஜெகனின் ஆள் ஏணியை வண்டியில் போட்டுக்கொண்டு ஆரம்பாக்கம் பக்கம் அடுத்த வேலைக்குக் கிளம்பிப்போனான். கீழே டீக்கடை பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் படம் ஒன்றை வைத்து மாலை போட்டார்கள். ஏஞ்சல் மெழுகுவர்த்தி ஏற்றினாள், இளமதி கற்பூரம் கொளுத்தினாள். கெங்கம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஒப்பாரி எடுத்ததும் ஷேர் ஆட்டோக்கள் வேகம் குறைத்தன. "எந்த ஊட்லமா சாவு?" என்று கேட்டார்கள். ஏஞ்சல் தரையில் மண்டிபோட்டு அழுதாள். நெடுஞ்சாலைப் புழுதி கண்ணீரோடு சேர்ந்து முகமெல்லாம் அப்பிக்கொண்டது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

ஷைனி பொன்னேரியில் காலேஜ் படிக்கிறாள். சாயங்கால ரயிலில் இறங்கி ஸ்டேஷன் ரோட்டில் நடந்து வந்தவள், முனையில் தன் அம்மாவின் முகம் ஆளுயரத்துக்கு மேலே தொங்குவதைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"எம்மா, இன்னாம்மா இது?"

"அவரு பூட்டாருடி ஷைனி."

"யாரு சொன்னா? அது ஷூட்டிங் போட்டோமா. காலைலயே பொய்னு சொல்ட்டாங்க. அவரு உசுரோட கீறாரு."

ஷைனி போனை எடுத்துக் காட்டினாள். அதில் ஆனந்தரூபன் கண்ணாடி போட்டுக்கொண்டு, "நான் நல்லா இருக்கேன். அது புதுப்படத்துல வர்ற ஒரு காட்சி. யாரும் நம்ப வேண்டாம்" என்று பேசினார். பேசி முடித்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

மற்ற ஏழு பேரும் வாயில் கைவைத்தார்கள். பிறகு இளமதி களுக்கென்று சிரித்தாள். அது மற்றவர்களுக்கும் தொற்றியது. கெங்கம்மாள் ஒப்பாரி வைத்த தொண்டையிலேயே சிரித்து இருமினாள். உயிர் போன மனிதர் திரும்பி வந்ததற்குச் சிரிக்காமல் வேறென்ன செய்வார்கள்?

ஏஞ்சல் சிரிக்கவில்லை. ராபின் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, மூச்சு இருக்கும்போதே, பார்க்கவந்த சொந்தக்காரி ஒருத்தி வாசலில் உட்கார்ந்து அழுதாள். அந்த அழுகைதான் பிள்ளையை முன்னால் கூட்டிக்கொண்டு போனது என்று ஏஞ்சல் இன்றுவரை நம்புகிறாள். டாக்டர் சொன்ன காரணம் வேறு, பாதிரியார் சொன்ன ஆறுதல் வேறு. அவளுக்குத் தெரிந்தது அந்த அழுகை. அந்தப் பெண்ணிடம் அதன் பிறகு அவள் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. இப்போது அதே காரியத்தை அவளே செய்துவிட்டாள். அதுவும் பிளக்ஸ் அடித்து, மாலை போட்டு, ஊர் பார்க்க.

"அவருக்கு எதுனா ஆச்சுன்னா எங்கையாலதான்" என்றாள். "ஏசப்பா, அவர் கண்ணுல மட்டும் இது படக்கூடாது."

ஷைனி தயங்கினாள். "எம்மா, அந்த ஷூட்டிங்கு எங்க நடக்குது தெரியுமா? நம்ம சிப்காட்ல. மூடிக் கெடக்குதே இரும்பு மில்லு, அதுல. எங்க க்ளாஸ் பொண்ணு இன்னிக்குதான் சொல்லிச்சு, அவ அண்ணன் அங்க வேன் ஓட்டுது. தெனமும் பொழுதுசாயத்தான் அவரு மெட்ராசுக்குத் திரும்புறாரு."

சிப்காட்டிலிருந்து சென்னைக்குப் போகிற கார் இந்த முனையைத் தாண்டாமல் போகமுடியாது. ஏஞ்சல் மேற்கே பார்த்தாள். வெயில் தணிந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஏஞ்சல் போட்ட ஆட்டத்தைக் கவரைப்பேட்டை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஜெகன் கடைக்கு ஓடினாள். ஏணி இல்லை. பெயிண்ட் கடைக்கு ஓடினாள். ஏணி இருந்தது, ஆனால் அது மூன்று படி, டியூப்லைட் மாட்டத்தான் ஆகும். கம்பத்தைப் பிடித்து உலுக்கிப் பார்த்தாள். சவுக்கு அசையவில்லை, மேலே ஆனந்தரூபன் தலைதான் ஆடியது. கல்லை விட்டு எறிந்து கிழிக்கலாமா என்று குனிந்தவளை இளமதி பிடித்து இழுத்தாள். அவர் முகத்தின் மேலேயே கல்லெறியப் போனோமே என்று ஏஞ்சல் அதற்கும் சேர்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வடக்கேயிருந்து கார் வரும்போதெல்லாம் அவள் கண் அங்கே ஓடியது.

டீக்கடையை ஒட்டி அழுமூஞ்சி வண்டி நின்றுகொண்டிருந்தது. அடுத்த ஷிப்ட் ஆட்களை ஏற்றப்போகும்வரை சரவணன் அங்கேதான் நிறுத்தி வைப்பான்.

"சரவணா, வண்டிய கம்பத்தாண்ட ஒட்டி நிறுத்து. மேல ஏறிடறேன்."

"இன்னாக்கா வெளையாடுறியா? கம்பெனி வண்டிக்கா. ஜி.பி.எஸ். கீது. டயரு நகுந்தா ஆபீசுல தெரிஞ்சிடும். எனக்குத்தான் பேஜாராயிடும்."

"நைனா, உனுக்குப் புண்ணியமாப் போவுது. அவரு வந்துகினு கீறாருடா."

சரவணன் போர்டை ஒருதரம் பார்த்தான். இத்தனை வருஷம் ஓட்டிக்கொண்டே காதால் கேட்ட படங்களின் கதாநாயகன். வண்டியைக் கிளப்பி ரிவர்ஸ் எடுத்தான்.

ஏஞ்சல் யூனிபார்ம் கோட்டோடு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின்ஏணியில் ஏறி பஸ் கூரைமேல் நின்றாள். கையில் ஜெகன் கொடுத்த கட்டர். ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்தாள். பிளக்ஸ் சடசடவென்று மடிந்து தொங்கியது. ஆனந்தரூபன் முகத்தில் பாதி போய், பின்னாலிருந்த மஞ்சள் நீராட்டு விழாப் பெண் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ஏஞ்சல் அடுத்த கயிற்றுக்குத் தாவுவதற்குள் கீழே ஒரு வெள்ளைக் கார் ஓரம் கட்டி நின்றது.

அவர்தான் இறங்கினார். திரையில் தெரிகிற உயரம் இல்லை. தலைக்குச் சாயம் இல்லை. பிணத்துக்காகப் பூசின வெளுத்த மாவு சரியாகக் கழுவப்படாமல் காதோரம் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் கெங்கம்மாள் "யம்மா" என்று ஒரு கத்துக் கத்தினாள். டீக்கடையிலிருந்தவர்கள், ஆட்டோக்காரர்கள், ரயிலிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். கூடின கையோடு போன்களும் மேலே எழும்பின.

ஆனந்தரூபன் அண்ணாந்து பார்த்தார். "பாத்து இறங்குங்கம்மா, விழுந்துடப் போறீங்க" என்றார்.

ஏஞ்சல் எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அவர் முன்னால் வந்து நின்றாள். இத்தனை வருஷமாக இவரைப் பார்த்தால் என்ன பேசவேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். அதில் ஒரு வார்த்தையும் வரவில்லை.

"மன்னிச்சிடுங்க சார். தெரியாம பண்ணிட்டோம். லாக்கர்ல போனு... உள்ள எடுத்துனுப் போவக்கூடாது... நீங்க நூறு வருசம் இருப்பீங்க சார். நான் அழுதது உங்கமேல ஒட்டாது, ஒட்டாதுன்னு ஆண்டவர வேண்டிக்கினு கீறேன் சார்."

அவர் நாற்காலியில் மாலையோடு இருந்த தன் படத்தைப் பார்த்தார். பாதி கரைந்த மெழுகுவர்த்தியைப் பார்த்தார். மடிந்து தொங்கிய பிளக்ஸைத் தூக்கிப் பிடித்து, கீழே இருந்த எட்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"யாரு வெச்சது இது? கட்சியா? சங்கமா?"

"நாங்கதான் சார். கம்பெனி பஸ்ல ஒண்ணாப் போறவங்க."

"எவ்ளோ பேர் வந்தாங்க அழறதுக்கு?"

"ஊரே வந்திச்சு சார்" என்று இளமதி முந்திக்கொண்டாள். "ரோடே ஜாம் ஆயிடிச்சு."

அவர் ஏஞ்சலைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"எட்டுப் பேரு சார்."

ஆனந்தரூபன் தலையாட்டினார். "எட்டு" என்றார். பிறகு யாருக்குச் சொல்கிறார் என்று தெரியாமல் பேசினார். "காலைலேர்ந்து நான் செத்துட்டேன்னு ஊரெல்லாம் சுத்துது. எங்கூட நடிச்சவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அவங்க ஒவ்வொருத்தருக்காகவும் ஒரு தடவை நான் திரையில செத்திருக்கேன். ஒருத்தர் போன் பண்ணலை. அப்புறம் ஒரு போன் வந்துது. எடுத்தா மேனேஜர். நாளைக்கு இன்னும் ரெண்டு ஷாட் பாக்கி, வர முடியுமான்னு கேட்டார்."

கூட்டம் சிரித்தது. அவரும் அந்த லேசான சிரிப்பைச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, கொஞ்சம் குனிந்து, ஏஞ்சலுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"நெஜமாவே எனக்காக அழுதீங்களாம்மா?"

ஆமாம் என்று சொல்ல ஏஞ்சல் வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தை போதும் அவருக்கு, அவள் காரியமும் முடிந்துவிடும். ஆனால் அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. பொய்ச் சாவுக்கு அழுதாயிற்று, இதையும் பொய்யாகச் சொல்லவேண்டாம் என்று பட்டது.

"சார், எம்புள்ள ஒண்ணு செத்துப்போச்சு. ராபின்னு பேரு. அப்ப என்னிய அழ உடல. அதுக்கப்புறம் உங்க படம் ஒவ்வொண்ணுலயும் ஒக்காந்து அவனுக்குத்தான் சார் அழுதேன். உங்க மூஞ்சியப் பாத்துக்கினு, அவனுக்கு. இத்தினி வருசமும் உங்களுக்குன்னு ஒரு சொட்டு உட்டதில்ல." மூச்சு வாங்கினாள். "இன்னிக்கு மண்டிபோட்டு அழுதேன் பாருங்க, அப்ப அவன் நெனப்பே வர்ல சார். இன்னிக்குதான் உங்களுக்கே உங்களுக்குன்னு அழுதேன்."

ஆனந்தரூபன் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. பிறகு அழுதார். அது படத்தில் எங்கும் வராத அழுகை. வாய் கோணி, மூக்கு ஒழுகி, குழந்தைக்குப் புரையேறினாற்போல ஒரு சத்தம் வந்தது. காதோர மாவு கரைந்து கழுத்தில் வழிந்தது. இப்படி ஒரு காட்சியை அவர் நடித்திருந்தால் தியேட்டரில் விசிலடித்து விரட்டியிருப்பார்கள். கையால் முகத்தை மூடிக்கொண்டு, பக்கத்தில் பிடிக்க ஏதாவது கிடைக்குமா என்று துழாவினார். கெங்கம்மாள் தன் தோளைக் கொடுத்தாள்.

சுற்றிலும் போன்கள் கிட்டே வந்தன. "சார், இந்தப் பக்கம் திரும்புங்க சார்" என்று ஒருவன் கூப்பிட்டான். இன்னொருவன் நன்றாகத் தெரியவேண்டும் என்று டீக்கடை பெஞ்சில் ஏறினான். ஏஞ்சலுக்கு ரத்தம் கொதித்தது.

"டேய் சரவணா, அந்தக் கயித்தையும் அறுடா!"

சரவணன் கட்டரை வாங்கிக்கொண்டு கூரைமேல் தாவி ஏறி அறுத்தான். பிளக்ஸ் மொத்தமும் அவள் தலைமேல் வந்து விழுந்தது. இழுத்து உதறினாள். "புடிங்கடி, சுத்திப் புடிங்க!" மற்ற ஆறு பேரும் ஓடிவந்து ஆளுக்கொரு விளிம்பைப் பிடித்தார்கள். ஷைனியும் பையைக் கீழே போட்டுவிட்டு ஒரு மூலையைப் பிடித்தாள். நடுவில் ஆனந்தரூபனும் கெங்கம்மாளும். சுற்றிலும் பிளக்ஸ், எந்தப் போனுக்கும் எட்டாத உயரத்துக்கு. கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து ரோட்டைப் பார்த்து நின்றது. எதைக் கீழே இறக்க அவ்வளவு ஓட்டம் ஓடினாளோ, அதையே ஏஞ்சல் கை வலிக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு இப்போது பயமாக இல்லை.

லாரிகள் ஆரன் அடித்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு போலீஸ்காரர் வந்தார்.

"யாரைக் கேட்டு நடுரோட்ல போர்டு புடிச்சினு நிக்கிறீங்க? பர்மிஷன் எங்க?" என்று ஆரம்பித்தவர், மேலே இருந்த எழுத்தைப் படித்ததும் தொப்பியைத் தொட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். பிளக்ஸுக்குள்ளேயிருந்து விக்கல் சத்தம் வந்தது. அவருக்குக் குழப்பமாகிவிட்டது. "இன்னாம்மா இது? ஆளு கீறாரா, பூட்டாரா?"

"கீறாரு சார்" என்றாள் ஏஞ்சல். "அழுதுகினு கீறாரு. கொஞ்ச நேரம் உடுங்க."